புல் முடிச்சு

எங்கள் ஊர் ராயகிரியிலிருந்து சங்கரன்கோவிலுக்குப் போய்வருவதையே ஒரு பிரயாணமாக எண்ணிய காலம் உண்டு. ஆடித்தபசுக்கு வண்டி கட்டிக்கொண்டு போனவர்கள், திரும்பி வந்த பிறகு பத்து நாளைக்குத் திண்ணையில் உட்கார்ந்து அதைச் சொல்வார்களாம். இப்போது அதே தெருவிலிருந்து ஒரு பையன் தென் சீனத்துக்குப் போய்விட்டு வந்திருக்கிறான். சென்னையில் சிறு கடை வைத்திருக்கிறான். பொம்மை, கைக்கடிகாரம், செல்பேசிக்கு உறை போன்ற சாமான்களை விற்கிறவன். காண்டன் என்று பழைய பூகோளப் புத்தகங்களில் சொல்லியிருக்கும் குவாங்சௌ நகரத்தில் கொள்முதல் விசாரித்துவிட்டு, மிச்சமிருந்த பத்து நாளும் தன்னந்தனியாக ஊர் சுற்றியிருக்கிறான்.

வந்த மறுநாள் காலை டீக்கடை பெஞ்சில் கூட்டம். அவன் சொல்லச் சொல்ல எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். குவாங்சௌவிலிருந்து குய்லினுக்கு ரயில் பறக்கிறது, டம்ளரில் தண்ணீர் ஆடவில்லை என்றான். லீ நதியில் படகில் போனதைச் சொன்னான். "நம்ம மலை மாதிரி தொடர்ச்சியா இல்ல. ஒவ்வொன்னும் தனித்தனியா குத்தவச்சு உக்காந்திருக்கு" என்றான். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்தான். விளக்கை அணைத்துவிட்டுத் திண்ணையில் இருந்தோம். அப்போதுதான் மற்றக் கதை வெளியே வந்தது. குவாங்சௌவில் ரயில் நிலையம் ஒன்றல்ல, பல. அவன் போயிருக்க வேண்டியது ஊருக்குத் தெற்கே வெகு தூரத்தில் இருக்கும் தென் நிலையம். போய் நின்றதோ நகரத்துக்கு நடுவில் இருக்கும் பழைய நிலையம். வண்டி போய்விட்டது. பசிக்கு ஒரு கடையில் ரொட்டியைக் காட்டி விலை கேட்டால், கடைக்காரி இரண்டு ஆள்காட்டி விரல்களையும் குறுக்காக வைத்துக் காட்டினாளாம். 'கிடையாது, போ' என்கிறாள் என்று எண்ணி இவன் நடந்துவிட்டான். அங்கே அந்தச் சைகைக்குப் பத்து என்று பொருள் என்பது மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. செல்பேசியைக் காட்டித்தான் எதற்கும் பணம் கொடுக்கிறார்கள். இவனுடைய செல்பேசியை அது ஏற்கவில்லை. கையிலிருந்த பெரிய நோட்டுக்குச் சில்லறை இல்லை. குய்லினுக்கு எப்படியோ போய்ச் சேர்ந்து, நிலையத்துக்கு வெளியே வந்தால், ஒரு கிழவி கரும்பைத் தோல் சீவித் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்தாள்.

"கரும்பப் பாத்ததும் பொங்கல் ஞாபகம் வந்துட்டு அண்ணாச்சி. நடுரோட்டுல நின்னு அழுதுட்டேன்."

"இதைக் காலையிலே ஏன் சொல்லலை தம்பி?"

"அதச் சொன்னா மதிப்பா அண்ணாச்சி?"

இந்தக் கேள்வியைத்தான் இந்தக் கட்டுரையில் விசாரிக்க நினைக்கிறேன். தமிழில் பிரயாண நூல்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றில் மிகப் பெரும்பாலானவை டீக்கடையில் காலையில் சொன்ன கதை. திண்ணையில் இருட்டில் சொன்ன கதை அச்சேறுவதே இல்லை.

நம்முடைய பிரயாண நூலுக்கு ஒரு வார்ப்பு உண்டு. விமான நிலையத்தில் மாலை; தமிழ் அன்பர் ஒருவர் வீட்டில் இட்லி; மறுநாள் ஒரு கோபுரம், அதன் உயரம்; ஒரு பாலம், அதன் நீளம்; அந்த நாட்டு மக்களின் சுறுசுறுப்பு, சுத்தம்; கடைசியில், நம் நாடு என்றைக்கு இப்படி ஆகும் என்று ஒரு பெருமூச்சு. இதை எழுதுகிறவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் விருந்தாளிகளாகப் போனவர்கள். விருந்தாளிக்கு வழி தவறாது. வழியைப் பார்ப்பது காரோட்டியின் வேலை. விருந்தாளிக்குப் பசிக்காது, பசிக்கு முன்பே இலை போட்டுவிடுகிறார்கள். வழியும் பசியும் பிறர் பொறுப்பில் இருக்கும்போது பார்க்க மிச்சமிருப்பது கோபுரமும் பாலமும்தான்.

தனியாகப் போகிறவனுக்கு அப்படியல்ல. அவன் ரொட்டி வாங்கினாலே அது ஒரு சம்பவம். ஆகவே, நல்ல பிரயாண நூல் தனியாகப் போனவனிடமிருந்துதான் வரவேண்டும். வராததற்குக் காரணம், தனியாகப் போனவனும் திரும்பி வந்ததும் விருந்தாளியைப் போல எழுத ஆரம்பித்துவிடுகிறான் என்பதுதான்.

இதற்கு நேர்மாறாக ஒரு நூல் ஆயிரத்து அறுநூறு வருஷங்களுக்கு முன்பே எழுதப்பட்டிருக்கிறது. பாஹியான் என்ற சீனத்துறவியை நாம் பள்ளிக்கூடத்தில் குப்தர் பாடத்தில் இரண்டு மார்க்குக்காகப் படித்து மறந்துவிட்டோம். அந்த மனிதர் 399-ல் சாங்கான் நகரத்திலிருந்து நடந்தே புறப்பட்டார். அப்போதே அறுபதை ஒட்டிய வயது என்பார்கள். கூட வந்தவர்களில் சிலர் பாதி வழியில் திரும்பினார்கள். ஒருவர் பனிமலையில் இவர் கண் முன்னாலேயே இறந்தார். ஒருவர் இந்தியாவே போதும் என்று தங்கிவிட்டார். கடைசியில் சிங்களத் தீவுக்கு வந்து சேர்ந்தபோது பாஹியான் தனி ஆள்.

அனுராதபுரத்தில் அபயகிரி விகாரையில் பச்சைக்கல் புத்தர் சிலை ஒன்று. அதன் பக்கத்தில் ஒரு வியாபாரி வெள்ளைப் பட்டு விசிறி ஒன்றைக் காணிக்கையாக வைப்பதைக் காண்கிறார். அது சீனத்து விசிறி. பல வருஷமாக அந்நிய முகங்களையே பார்த்து, அந்நியப் பேச்சையே கேட்டு வந்த கிழவருக்குக் கண்ணீர் வந்துவிடுகிறது. புத்தர் சன்னிதியில் ஒரு துறவி, பற்றை விட்டவர், ஒரு விசிறிக்காக அழுததைத் தாமே எழுதி வைக்கிறார். எங்கள் ஊர்ப் பையன் கரும்பைக் கண்டு அழுததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பாஹியான் அதை எழுதினார், இவன் மறைத்தான். அவ்வளவுதான்.

அப்புறம் கடல். இருநூறு பேருக்கு மேல் ஏறிய கப்பல், இரண்டு நாள் நல்ல காற்று, பிறகு புயல். கப்பல் ஓட்டையாகிறது. பின்னால் கட்டியிருந்த சிறு படகில் தாவ எல்லோரும் ஓடுகிறார்கள். படகில் இருந்தவர்கள், கூட்டம் ஏறினால் படகு முழுகிவிடும் என்று பயந்து கயிற்றை வெட்டிவிடுகிறார்கள். சரக்குகளைக் கடலில் எறிகிறார்கள். பாஹியானும் தம்முடைய தண்ணீர்ச் செம்பையும் கழுவும் பாத்திரத்தையும் எறிகிறார். அவருக்கு இருந்த பயம் உயிரைப் பற்றியதல்ல. இத்தனை வருஷம் சேகரித்த ஏடுகளையும் விக்கிரகங்களையும் வியாபாரிகள் பிடுங்கி எறிந்துவிடுவார்களோ என்பதுதான். தொண்ணூறு நாளுக்குப் பிறகு ஜாவா என்று கருதப்படும் தீவு. அங்கே ஐந்து மாதம் காத்திருக்கிறார்.

மறுபடியும் ஒரு கப்பல்; இது குவாங்சௌவுக்குப் போவது. அன்றைக்கும் தென் சீனத்துக்கு அதுதான் வாசல். ஐம்பது நாள் உணவோடு புறப்படுகிறார்கள். ஒரு மாதத்துக்கு மேல் கழித்துக் கருங்காற்று அடிக்கிறது. கப்பலிலிருந்த பிராமணர்கள், இந்தத் துறவியை ஏற்றியதால்தான் இந்தக் கஷ்டம், ஏதாவது ஒரு தீவில் இறக்கிவிடலாம் என்று யோசனை சொல்கிறார்கள். பாஹியானுக்கு ஆதரவாக வந்த ஒருவர், அப்படியானால் என்னையும் இறக்கிவிடுங்கள், இல்லையென்றால் கொன்றுபோடுங்கள் என்று குறுக்கே நிற்கவே தப்பித்தார். எழுபது நாளாகியும் கரை காணவில்லை. நல்ல தண்ணீரை ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்தார்கள். சமையலுக்குக் கடல் தண்ணீர். கடைசியில் ஏதோ ஒரு கரை தட்டியது. என்ன நாடு என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கரையில் முளைத்திருந்த கீரையைப் பார்த்துத்தான், இது நம் நாட்டுக் கீரை, சீனத்துக்கு வந்துவிட்டோம் என்று அறிந்துகொண்டார்கள். ஆனால் அது குவாங்சௌ அல்ல. வடக்கே எத்தனையோ தூரம் தள்ளி, ஷாண்டுங் கரை. வருஷம் 412.

தெற்கே போகப் புறப்பட்டு வடக்கே போய் இறங்கிய இந்தப் பிரயாணத்தை வெற்றி என்பதா, தோல்வி என்பதா? பாஹியான் இரண்டும் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். அந்தச் சின்னப் புத்தகத்தில் அலங்காரம் இல்லை, ஆவேசம் இல்லை. ஒரு விசிறி, ஒரு செம்பு, ஒரு கீரை. ஒரு நாவலாசிரியனாக எனக்கு அவர்மேல் பொறாமையாக இருக்கிறது. ஐம்பது பக்கத்தில் செய்ய வேண்டியதை ஒரு கீரையில் செய்துவிட்டார்.

இருநூறு வருஷத்துக்கு மேல் கழித்து வந்த யுவான் சுவாங்கின் விஷயம் இன்னும் சுவாரஸ்யமானது. அவருடைய பிரயாணத்துக்கு இரண்டு நூல்கள் இருக்கின்றன. ஒன்று, திரும்பிப் போனபின் சக்கரவர்த்திக்காக அவரே சொல்லி எழுதுவித்து 646-ல் முடித்தது. நம் காஞ்சிபுரம் அதில் வருகிறது. நகரத்தின் சுற்றளவு, மண்ணின் வளம், மடங்களின் எண்ணிக்கை எல்லாம் ஒழுங்காக இருக்கும். சரித்திரக்காரர்களுக்கு அது பொக்கிஷம். மற்றது, அவருடைய சீடர் ஹுய்லி எழுதிய வாழ்க்கைக் கதை. பாலைவனத்தில் தண்ணீர்ப் பை கைதவறிக் கொட்டிப்போய் நான்கு இரவும் ஐந்து பகலும் தாகத்தில் தவித்தது அதில் இருக்கிறது. கங்கையில் கொள்ளைக்காரர்கள் துர்க்கைக்குப் பலி கொடுக்க அவரைப் பிடித்துக் கட்டியது அதில் இருக்கிறது. இலங்கைக்குப் போகக் காஞ்சி வரைக்கும் வந்தவர், அங்கே பஞ்சமும் கலகமும் என்று அந்நாட்டுப் பிக்குகள் சொல்லக் கேட்டு, கடலைத் தாண்டாமலே திரும்பிய ஏமாற்றமும் அதில்தான் இருக்கிறது.

ஒரே மனிதர், ஒரே பிரயாணம். அரசருக்குச் சொன்னது ஒன்று, சீடருக்குச் சொன்னது ஒன்று. காலை டீக்கடையும் ராத்திரித் திண்ணையும் ஏழாம் நூற்றாண்டிலேயே இருந்திருக்கின்றன! இரண்டில் நான் மறுபடி எடுத்துப் படிப்பது சீடருடைய புத்தகத்தைத்தான்.

சீனர்கள் இங்கே வந்ததை எழுதினார்கள். நாம் அங்கே போகவில்லையா? போயிருக்கிறோம். ராஜராஜன் அனுப்பிய தூதுக்குழு 1015-ல் சீன அரசவையை அடைந்தது. தென் சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் குடியிருந்து, சிவன் கோயிலும் எழுப்பியிருக்கிறார்கள். 1281-ல் வெட்டிய தமிழ்க் கல்வெட்டு அங்கே கிடைத்திருக்கிறது. சம்பந்தப் பெருமாள் என்பவர், செகசை கானுடைய நலத்துக்காக எழுந்தருளுவித்தார் என்ற செய்தி அதில் இருக்கிறது; அடியில் சீன எழுத்தும் உண்டு. அந்த ஊர்ப் புத்த விகாரையின் தூண்களில் நம் புராணச் சிற்பங்கள் இன்றும் இருக்கின்றன.

அந்தச் சம்பந்தப் பெருமாள் எந்த ஊர்க்காரரோ! எந்தத் துறையில் கப்பல் ஏறினார்? எத்தனை புயல் பார்த்தார்? முதல் நாள் அந்த ஊர்க் கடைத்தெருவில் விரலைக் காட்டி என்ன வாங்கினார்? எந்தச் செடியைக் கண்டு ஊர் ஞாபகம் வந்து அழுதார்? ஒன்றும் கிடையாது. கல்வெட்டு கொடையைச் சொல்லும், அழுததைச் சொல்லாது. எழுநூறு வருஷத்துக்கு மேலாக நிற்கும் அந்தக் கல்லை நினைத்தால் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவருடைய ஏடு ஒன்று கிடைத்திருந்தால், கல்லைக் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொள்வேன்.

நம் காலத்துக்கு வந்தால், தனியாகப் போய் எழுதியவர்களில் முதலில் கும்பிட வேண்டியவர் ஏ. கே. செட்டியார். 1940-ல் வந்த 'உலகம் சுற்றும் தமிழன்' என்ற தலைப்பே அவருக்குப் பட்டமாகிவிட்டது. காந்தியைப் பற்றிய படத் துணுக்குகளைத் தேடி, விமானப் பிரயாணம் சாமானியர்களுக்கு எட்டாத காலத்தில், உலகத்தைச் சுற்றி அலைந்து, அதே 1940-ல் ஆவணப்படமாக வெளியிட்டவர். அவருடைய நடையில் ஆடம்பரம் இல்லை. சின்னச் சின்ன வாக்கியம். தம்மை முன்னால் நிறுத்திக்கொள்ளாத அடக்கம். எல்லோரும் போற்றுகிற இந்த அடக்கத்தைப் பற்றித்தான் எனக்கு ஒரு சிறு குறை. தம் கஷ்டத்தை ஒரு புன்சிரிப்போடு தொட்டுவிட்டு அவர் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார். இன்னும் கொஞ்சம் நின்று சொல்லக் கூடாதா என்று இருக்கிறது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. 'குமரி மலர்' பத்திரிகையை நடத்திய அவர், பிறர் எழுதிய பழைய பிரயாணக் கட்டுரைகளைத் தேடித் தேடி எடுத்து அச்சிட்டவர். பின்னால் வருகிறவனுக்கு வேண்டும் என்ற நினைவு அவருக்கு இருந்தது.

பின்னால் வருகிறவன் என்று சொல்லிவிட்டேன். இங்கே என் குற்றத்தையும் ஒப்புக்கொண்டுவிட வேண்டும். சில வருஷங்களுக்கு முன் மலேசியாவில் ஒரு கடற்கரை ஊருக்குத் தனியாகப் போனேன். ராத்திரி பதினொன்றரைக்கு இறங்கினால், தங்குவதற்குச் சொல்லிவைத்த இடம் பூட்டிக் கிடந்தது. விடியும்வரை பெட்டியை இழுத்துக்கொண்டு கடற்கரையில் நடந்தேன். பயம், பசி, நடுவில் ஒரு மழை. ஊருக்கு வந்து கட்டுரை எழுதும்போது, 'இரவு முழுவதும் கடற்காற்றை அனுபவித்தபடி நடந்தேன். அந்த ஊரை அப்படித்தான் பார்க்க வேண்டும்' என்று எழுதினேன். அழகான வாக்கியம் என்று நண்பர்கள் பாராட்டினார்கள்.

ஆறு மாதம் கழித்து ஒரு வாசகர் கடிதம் எழுதினார். என் கட்டுரையைப் படித்துவிட்டுத் தம் தாயாரையும் அழைத்துக்கொண்டு அதே ராத்திரி வண்டியில் அந்த ஊரில் போய் இறங்கியிருக்கிறார். அதே பூட்டிய கதவு, அதே மழை. அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. 'தங்கள் எழுத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாங்கள்தான் விசாரிக்காமல் போய்விட்டோம்' என்று முடித்திருந்தார். திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அந்தக் கடிதத்துக்கு இன்றுவரை எனக்குப் பதில் எழுத வரவில்லை.

அதற்குப் பிறகுதான் பத்துப்பாட்டில் 'மலைபடுகடா'த்தை மறுபடி எடுத்தேன். பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது, 583 அடி. நன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு கூத்தனுக்கு வழி சொல்கிறான். பரிசு வாங்கியவன், பெருமை பேச எல்லா உரிமையும் உள்ளவன். பேசுகிறான், நன்னனின் கொடையையும், வழியில் உள்ள குறிஞ்சி ஊர்களில் கிடைக்கும் சோற்றையும் கறியையும் வாயூறச் சொல்கிறான். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. பன்றிக்கு வைத்த கல்பொறி இருக்கிறது, விடிந்த பிறகு போ என்கிறான். குழிகளில் பாம்பு ஒடுங்கிக் கிடக்கும், பார்த்து நட என்கிறான். தினைப்புனக் காவலர் யானையை விரட்டக் கவண் எறிவார்கள், மரத்துக்குப் பின்னால் மறைந்துகொள் என்கிறான். பாசி வழுக்கும், கொடியைப் பிடித்துக்கொள் என்கிறான். எல்லாவற்றுக்கும் மேலாக, வழி பிரிகிற இடத்தில், உனக்குப் பின்னால் வருகிற புதியவர்களுக்கு அடையாளமாகப் புல்லை முடிந்து வைத்துவிட்டுப் போ என்கிறான்.

உலகத்தில் பிரயாண இலக்கியத்தைப் பற்றி எத்தனையோ விமரிசகர்கள் எழுதியிருக்கலாம். இந்தப் புல் முடிச்சுக்கு மேல் ஒரு இலக்கணம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. மேட்டையும் பள்ளத்தையும் சேர்த்துச் சொல்வது வழிப்போக்கனின் கடமை என்று இரண்டாயிரம் வருஷத்தை ஒட்டிய ஒரு பாட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆற்றுப்படை என்ற ஒரு வகையையே வைத்திருந்த மொழியில், நாம் மாலையையும் கோபுரத்தையும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

பள்ளத்தை மட்டும் எழுதினால் போதுமா என்று கேட்கலாம். போதாது. புலம்பலும் ஒருவகைப் பெருமைதான். 'நான் எவ்வளவு பட்டேன் பார்' என்பதற்கும் 'நான் எவ்வளவு பார்த்தேன் பார்' என்பதற்கும் அதிக தூரமில்லை. எங்கள் பையனின் குய்லின் மலை உண்மை, கரும்பும் உண்மை. மலையை வியந்த அதே கண்தான் அழுதது. இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தால்தான் படிக்கிறவனுக்கு ஒரு மனிதன் போய்வந்தான் என்ற நம்பிக்கை வரும்.

போன வாரம் இன்னொரு பையன் குவாங்சௌவுக்குப் புறப்பட்டான். தொற்று நோய்க் காலத்தில், 2020-ல் நின்றுபோன நேரடி விமானம், 2025 அக்டோபரில் கல்கத்தாவிலிருந்து மறுபடி பறக்க ஆரம்பித்துவிட்டது. இனி ஆட்கள் போவார்கள். முதல் பையன் அவனுக்கு ஒரு நோட்டுப் புத்தகத்துத் தாளில் ஏதோ எழுதிக் கொடுத்தான். வாங்கிப் பார்த்தேன். தென் நிலையத்தின் பெயரைச் சீன எழுத்தில் பார்த்துப் பார்த்து வரைந்திருந்தான். 'விரலைக் குறுக்க வச்சா பத்து. சின்ன நோட்டா மாத்திக்கோ. பணம் கட்டுற ஏற்பாட்ட இங்கயே சரிபாத்துட்டுப் போ.' கடைசி வரி: 'குய்லின் ஸ்டேஷன் வாசல்ல கரும்பு விக்கும். வாங்கித் தின்னு.'

அழுததை மட்டும் எழுதவில்லை. அதற்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும் என்று நினைக்கிறேன். நானும் அந்த வாசகருக்கு இன்னும் எழுதவில்லையே!